மேஜருக்குப் பத்து நாள்

தேச்சம்மா 1961ஆம் ஆண்டில் காப்பி பூத்த வாரத்தில் பிறந்தவர். நாள் எதுவென்று குடும்ப ஏட்டில் இல்லை. பள்ளிச் சான்றிதழில் காணப்படும் ஜூன் முதல் தேதி, அவரைச் சேர்த்துக்கொண்ட ஆசிரியர் தம் வசதிக்கு வைத்தது. விராஜ்பேட்டைக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரின் கால்நடை மருந்தகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் உதவியாளராக இருந்து, 2021இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு மருந்தகத்துக்குத்தான் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர்களும் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்களும் அவருடைய கைப்பேசி எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். மாலை விளக்கு வைத்ததும் அழைப்புகள் தொடங்கும்.

"அக்கா, நாய் தும்மித் தும்மி மூக்குல ரத்தமா வருது."

"நேத்து மழையில தோட்டத்துக்குள்ள போச்சா?"

"போச்சு."

"அட்டை ஏறியிருக்கும். பிடுங்கப் பார்க்காதீங்க. ரெண்டு மூணு மணி நேரம் தண்ணி காட்டாம வச்சிருந்து, அப்புறம் வட்டில்ல தண்ணி வச்சு மூக்கைக் கிட்ட கொண்டு போங்க. அதுவே தலையை நீட்டும். அப்போ பிடிச்சுக்கலாம்."

இன்னொருவர் கேட்பார்: "உடம்பு சுடுது, நாங்க போடற காய்ச்சல் மாத்திரையில பாதி தரட்டுமா?" தேச்சம்மா, "தராதீங்க. அது உங்களுக்கு மருந்து, அதுக்கு விஷம்" என்பார். குட்டி செருப்பைக் கடிக்கிறது என்றால், "செருப்பை மேல வைங்க" என்பதோடு முடிந்துவிடும். ஒருமுறை ஒரு மருமகள், தன் நாய் மாமனாரைக் கண்டால் மட்டும் உறுமுகிறது என்று முறையிட்டாள்.

"மாமனார் அதை என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்றதில்ல அக்கா. எங்கிட்ட கத்துவாரு, அவ்வளவுதான்."

"அப்போ பயிற்சி நாய்க்கு வேண்டாம்."

அவருடைய கணவர் பூவய்யா பக்கத்து நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். "எனக்கு ரெண்டு நாளா முதுகு வலி. வாலாட்டிக் காட்டினாத்தான் கவனிப்பியா?" என்பார்.

எந்தக் கேள்விக்கும் தேச்சம்மா தயங்கியதில்லை, ஒன்றைத் தவிர. நாய் எச்சில் ஒழுக்குகிறது, வாயைத் திறந்தே வைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் குரல் மாறிவிடும். "கையை உள்ள விடாதீங்க" என்று முதலில் சொல்வார். பின்பு அதையே மீண்டும் ஒருமுறை சொல்வார்.

2022ஆம் ஆண்டு கைல்பொளுதுப் பண்டிகை செப்டம்பர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை வந்தது. நடவு முடிந்து, துப்பாக்கிகளுக்கும் கத்திகளுக்கும் பூச்சூட்டிக் கும்பிட்டு, பன்றிக்கறியும் கடம்புட்டு என்னும் அரிசி உருண்டையும் உண்ணும் நாள். மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மொண்ணப்பா அழைத்தார்.

மொண்ணப்பா அடுத்த மேட்டு வீட்டுக்காரர். எழுபத்து மூன்று வயது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். அவருடைய கறுப்பு நாயின் பெயர் மேஜர். "வெளியில நான் சுபேதார். வீட்டுல மேஜருக்கு நான்தான் சல்யூட் அடிக்கணும்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"தேச்சு, மேஜர் சரியில்ல. ராத்திரியிலிருந்து எச்சில் கொட்டுது. வாயை மூட முடியல. சுத்திச் சுத்தி வருது. கீழ லைன்ல குழந்தைங்க விளையாடுது. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் முடிச்சிடறேன்."

"என்னத்த முடிப்பீங்க?"

"துப்பாக்கி வெளியிலதான் இருக்கு."

தேச்சம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அதைத் தொடாதீங்க அண்ணா. நாய்க்கிட்டயும் போகாதீங்க. நான் வரேன்."

பூவய்யா ஜீப்பை எடுத்தார். வழியில் தேச்சம்மா கால்நடை மருத்துவர் சுமந்தை அழைத்தார். அவர் மைசூரில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தார். உடனே கிளம்பினாலும் பிற்பகல் இரண்டு மணி ஆகும் என்றார்.

மொண்ணப்பாவின் வாசலில் துப்பாக்கி கதவோரம் சாய்ந்திருந்தது. குழல் முனையில் முந்தின நாள் செருகிய செங்காந்தள் இன்னும் வாடவில்லை. மேஜர் முற்றத்தின் மறுகோடியில் நின்றது. கீழ்த்தாடை தொங்கியது; எச்சில் கயிறாக இறங்கியது. முன்காலால் வாயைத் தேய்த்தது, நின்றது, மறுபடி தேய்த்தது.

எலும்பு மாட்டிய நாய் இப்படித்தான் செய்யும். வெறிநோயின் ஒரு வகையில் தாடை செயலிழந்த நாயும் ஏறக்குறைய இப்படித்தான் நிற்கும். தொலைவிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது என்பது தேச்சம்மாவுக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

"நேத்து என்ன போட்டீங்க?"

"பண்டிகையாச்சே. எங்க தாத்தா வேட்டைக்குப் போன காலத்துல நாய்க்கும் ஒரு பங்கு ஒதுக்குவாங்க. இந்த வீட்டுல முதல் தட்டு நாய்க்குத்தான். கால் எலும்பு நாலஞ்சு போட்டேன்."

"வெந்த எலும்பு போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"வருஷம் முழுக்கக் கேட்டேனே. ஒரு நாள்தான் கேட்கல."

முதலில் நாயை அடைக்க வேண்டும். மேஜர் குட்டியாக இருந்தபோது மொண்ணப்பா அணிவகுப்பு மைதானத்தில் கத்துவதுபோல் கத்திக் கட்டளையிட, அது மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும். தேச்சம்மாதான் ஒரு சொல், ஒரு கைச்சாடை, செய்தால் ஒரு துண்டு கருவாடு என்று அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நாய் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. அவருக்கு இரண்டு மாதம் ஆனது.

"சத்தம் போடாம, காலி மாட்டுக்கொட்டிலைக் கையால காட்டுங்க. கிட்டப் போகாதீங்க."

மொண்ணப்பா இடக்கையை நீட்டிக் காட்டினார். நாய் அவரைப் பார்த்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு மெல்லக் கொட்டிலுக்குள் போயிற்று. பூவய்யா நீண்ட கழியால் கதவைத் தள்ளிக் கொண்டியை மாட்டினார்.

"பாத்தியா, சொன்ன பேச்சைக் கேட்குது. வெறி நாய் கேட்குமா?" என்றார் மொண்ணப்பா.

"முதல்ல கேட்கும்" என்றார் தேச்சம்மா. அப்போதுதான் அவர் கவனித்தார். மொண்ணப்பா வலக்கைப் பழக்கக்காரர். ஆனால் காட்டியது இடக்கை. வலக்கை சட்டைக்குள் பாதி மறைந்திருந்தது; அதில் ஒரு துண்டு சுற்றப்பட்டிருந்தது.

"கையை நீட்டுங்க."

"காப்பிச் செடி கீறினது."

"நீட்டுங்க அண்ணா."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இரண்டு பல் தடம். ஒன்றில் இரத்தம் உறைந்திருந்தது. விடியற்காலையில் எலும்பை எடுக்கக் கைவிட்டதாகவும், நாய் கடிக்கவில்லை, வாயை அசைத்தபோது பல் பட்டதாகவும் மொண்ணப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். தேச்சம்மா அவரைக் குழாயடிக்கு இழுத்துச் சென்றார். சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினார்.

"மேஜர் ஊசிச் சீட்டு எங்க?"

"வருஷா வருஷம் போடறேன்."

"சீட்டு எங்க?"

சீட்டு அலமாரியில் இருந்தது. கடைசி ஊசி 2020 மார்ச். அதன் பின் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"கொரோனா வந்துச்சு. அப்புறம் மறந்துட்டேன்."

தேச்சம்மா சீட்டை மடித்தார்.

"ஜீப்புல ஏறுங்க. ஆஸ்பத்திரிக்கு."

"ரெண்டு பல்லுக்கா? எல்லையில என்னென்னவோ பட்டிருக்கு எனக்கு. டாக்டர் வந்து நாயைப் பாக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இல்லன்னா ஒரே தோட்டாவில கவலை தீர்ந்தது."

"நாயைச் சுட்டுட்டா உங்களுக்கு என்ன ஆகும்னு யார் சொல்லுவா? அது பத்து நாள் உயிரோட, நல்லா இருந்தாத்தான் உங்களைக் கடிச்சப்போ அதோட எச்சில்ல நோய் இல்லன்னு அர்த்தம். நீங்க சுடப் போறது உங்க சாட்சிய."

மொண்ணப்பா சிரித்தார். "நல்லா பயங்காட்டற. வயசான ஆளுக்கு ஊசி எதுக்கு?"

அப்போது தேச்சம்மா, இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தம் கணவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ராமண்ணாவை நினைவிருக்கா? எங்க மருந்தகத்துல கட்டுப் போடறவரு."

"வெறி நோயில செத்தாரே."

"தொண்ணூத்து நாலு ஆகஸ்டு. ஒரு நாய், இதே மாதிரி வாய் தொங்கிக்கிட்டு வந்துச்சு. எலும்பு மாட்டியிருக்கும், கைவிட்டுப் பாருங்கண்ணான்னு சொன்னது நான். நான் சொன்னதாலதான் அவரு கைவிட்டாரு. எலும்பு இல்ல. சின்னக் கீறல். ஊசி போட்டுக்கங்கன்னு டாக்டர் சொன்னாரு, இவரும் சிரிச்சாரு. அக்டோபர்ல ஜன்னல் வழியா அவரைப் பாத்தேன். நர்சு தண்ணி கொண்டு வந்தா. டம்ளரைப் பாத்ததும் அவரு தொண்டை இழுத்துச்சு. அவரு பொண்ணு என் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, யார் சொல்லிக் கைவிட்டாருன்னு."

கொட்டிலுக்குள் நாய் வாயைத் தேய்க்கும் ஓசை கேட்டது.

பூவய்யா தம் மனைவியை ஒருமுறை பார்த்தார். பின்பு போய் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க சுபேதார். வழியில டீ வாங்கித் தரேன்."

மொண்ணப்பா ஏறினார்.

மருத்துவமனையில் கடிவாயைச் சுற்றி ஒரு மருந்தும், புயத்தில் தடுப்பூசியும் போட்டார்கள். மீதி மூன்று ஊசிகளுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அவர்கள் திரும்பும்போது மணி இரண்டரை. மருத்துவர் சுமந்த் கொட்டில் வாசலில் காத்திருந்தார். நீண்ட கம்பின் நுனியில் ஊசியைப் பொருத்தி, சட்டங்களுக்கு இடையே நாயின் தொடையில் மயக்க மருந்து செலுத்தினார். நாய் சாய்ந்த பிறகு, முகத்தை மூடிக்கொண்டு, இரட்டைக் கையுறையோடு உள்ளே போனார். தேச்சம்மா அசையாமல் வெளியே நின்றார்.

"அக்கா, எலும்புதான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. குறுக்கே வெட்டிய பன்றிக்கால் எலும்பு, வளையம் போல, கீழ்த்தாடையில் கோரைப் பற்களுக்குப் பின்னால் இறங்கிச் சிக்கியிருந்தது. வெட்டி எடுக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

மொண்ணப்பா திண்ணையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ சரியாப் போச்சு. வீணா ஊசி போட்டாங்க."

"எலும்பு இருந்ததால நோய் இல்லன்னு ஆகாது. எலும்பு மாட்டின நாய்க்கும் நோய் இருக்கலாம்" என்றார் தேச்சம்மா. மருத்துவர் தலையசைத்தார். பத்து நாள் நாய் கொட்டிலில். யாரும் தொடக்கூடாது. தட்டைக் கழியால் தள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. துப்பாக்கியைப் பூவய்யா உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டினார்.

அந்தப் பத்து நாளும் தேச்சம்மா காலை ஏழு மணிக்கு மேடேறினார். மழை விடவில்லை. கொட்டிலின் சட்டத்துக்கு அப்பால் நின்று, நாய் தண்ணீர் குடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். வீட்டில் மாலை அழைப்புகளைப் பூவய்யா எடுத்தார். "அவங்க இல்ல. கேள்வியைச் சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். முதுகு வலியா? அதைப் பத்தி நிறையத் தெரியும்" என்பது அவருடைய பதில்.

ஆறாம் நாள் நாய் எழவில்லை. கஞ்சி அப்படியே இருந்தது. தண்ணீரையும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தேச்சம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. மொண்ணப்பாவின் வாசலில் உட்கார்ந்துகொண்டார். அவர் எதிரில் மொண்ணப்பா தம் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். சற்று நேரத்தில் இன்னொன்று.

"விழுங்க முடியுது தேச்சு."

"இவ்வளவு சீக்கிரம் தெரியாது அண்ணா. நீங்க ஊசி போட்டிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் ஏன் நீ வீட்டுக்குப் போகல?"

தேச்சம்மா எழுந்து மருத்துவரை அழைத்தார். பிற்பகலில் மருத்துவர் வந்து, வளையம் அழுத்திய ஈறு சீழ் பிடித்திருப்பதைக் கண்டு மருந்து கொடுத்தார். ஏழாம் நாள் காலை மேஜர் குளிர்ந்த கஞ்சியை நக்கியது. எட்டாம் நாள் வட்டிலைக் காலி செய்தது. அதற்குள் மொண்ணப்பாவுக்கு மூன்று ஊசிகள் முடிந்திருந்தன.

செப்டம்பர் பதினான்காம் தேதி, புதன்கிழமை மாலை, மருத்துவர் சுமந்த் நாயின் நடையையும் கண்ணையும் தாடையையும் பார்த்து, தடுப்பூசி போட்டு, சீட்டில் கையெழுத்திட்டார். கொண்டியை மொண்ணப்பாவே திறந்தார். நாய் வெளியே வந்து, உடலை உதறிக்கொண்டு, முற்றத்தின் எல்லா மூலைகளையும் முகர்ந்தது. பிறகு தேச்சம்மாவின் அருகில் வந்து அவருடைய முழங்கையில் மூக்கை வைத்தது. அவர் அதன் தலையில் கை வைத்தார். எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"ராமண்ணா பொண்ணு இப்போ குஷால்நகர்லதான் இருக்கா. அடுத்த வாரம் போய்ப் பாத்துச் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார், யாரையும் பாராமல்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் பூவய்யா.

மொண்ணப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்போ எனக்கும் விடுதலைதானே? மேஜருக்கே விட்டாச்சு."

"உங்களுக்கு இல்ல. நாலாவது ஊசி அக்டோபர் ரெண்டு."

"நாய்தான் நல்லா இருக்கே. இதுக்கு மேல வேண்டாம்னு டாக்டரே சொல்லுவாரு."

"சொன்னாலும் நீங்க போட்டுக்கணும்."

"அது ஞாயித்துக்கிழமை. காந்தி ஜெயந்தி வேற."

"ஊசி போடற அறைக்கு லீவு இல்ல" என்றார் தேச்சம்மா. "கேட்டுட்டேன்."