ஏழு படிகளில் உப்பு

என் பேத்தி படிக்கும் பள்ளிக்கு இருநூற்றுப் பத்து தப்படி முன்பாக நடைபாதையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். முதுகுப்பை மாட்டிய குழந்தையொன்று கையசைக்கிற படம் அதில் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதைப் பத்து வயதுப் பேரன் கவின் எனக்கு வாசித்துச் சொன்னான்: 'இங்கிருந்து நான் தனியாகப் போய்விடுவேன்.' பெற்றோருக்கான அறிவிப்பு அது. தாத்தாக்களுக்கும் பொருந்தும் என்றான். பள்ளி திறந்த நாளிலிருந்து காலை ஏழு ஐம்பதுக்கு அந்தப் பலகையடியில் நான் நின்றுவிடுகிறேன். ஆறு வயது நிலா அதைத் தாண்டிப் போய்விடுகிறாள். முதல் இரண்டு மாதத்தில் ஐந்து முறை திரும்பிப் பார்த்தாள். அதில் இரண்டு முறை, தண்ணீர் பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டதற்காக.

நான் மரக்காணத்துக்காரன். வயது எழுபத்தொன்று. மனைவி போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் தேன்மொழி ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டாள். இங்கே இது எனக்கு முதல் குளிர். ஊரில் பி.யு.சி. முடித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் உப்பளத்தில் நடை எண்ணுகிற வேலை பார்த்தேன். பாத்தியில் வாரிய உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். ஒரு கூடை ஒரு நடை. நான் மேட்டருகே நோட்டோடு நின்று ஒவ்வொருத்தி பெயருக்கு நேரேயும் கோடு போடுவேன். தும்மினால்கூட ஒரு கோடு தவறிவிடும். தவறினால் அவள் வெயிலில் நடந்த ஒரு நடை நடக்காததாகிவிடும். அந்தப் பயம் வேலையை விட்ட பிறகும் போகவில்லை. அதனால்தான் வீட்டிலிருந்து பலகை வரை ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி, சாலை கடக்குமிடம் மூன்று, எங்கள் கட்டடத்து வாசற்படி ஏழு என்று என்னால் சொல்ல முடிகிறது. காலையில் நிலாவின் பையில் எட்டுப் பொருள் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பேன்.

"தாத்தா, ஏர்போர்ட்ல கூட இவ்ளோ செக் பண்ண மாட்டாங்க" என்பான் கவின். அவன் நண்பர்களோடு முன்னால் போய்விடுகிறவன்.

இலையுதிர் காலம் என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எங்கள் பக்கம் வேப்பமரம் மாசி, பங்குனியில் இலை கொட்டும். அதற்காக யாரும் ஒரு பருவத்துக்குப் பெயர் வைத்ததில்லை. இங்கே செப்டம்பர் கடைசியிலேயே மரங்கள் மஞ்சளாகிவிட்டன. குழந்தைகள் வழியெல்லாம் குனிந்து, கஸ்டானியன் என்கிற பழுப்பு நிறக் கொட்டைகளைப் பொறுக்கினார்கள். தின்ன முடியாத கொட்டை. அறுபத்து மூன்று சேர்ந்த பிறகு, போதும் என்றேன். நிலா கேட்கவில்லை. நூற்று நாற்பத்தெட்டு சேர்ந்தது. தீக்குச்சி குத்திக் கால் வைத்து மாடுகள் செய்தாள். அக்டோபரில் இரண்டு வாரம் இலையுதிர் விடுமுறை விட்டார்கள். அந்த நாட்களில் மரக்காணத்தில் ஐப்பசி மழை பிடித்திருக்கும். மழை வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது, பாத்திகள் குளமாகிவிடும், மேட்டில் குவித்த உப்பின் மேல் கீற்றை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்போம். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. இங்கே மழைக்கு லீவு கிடையாது என்பதை நிலா ஏதோ பெரும் அநியாயம் போலக் கேட்டுக்கொண்டாள்.

விடுமுறை முடிந்ததும் ஆசிரியையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இனி வீட்டிலிருந்தே கூட்டாக நடந்து வரப் பழக வேண்டுமாம். நான் ஒருநாள் பலகையடியில் அந்த ஆசிரியையைப் பார்த்து, எனக்கு ஒன்றும் சிரமமில்லை, தொடர்ந்து வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டு, "சிரமப்பட வேண்டாம், இனி நீங்கள் ஓய்வெடுக்கலாம்" என்றார். நான் கேட்டதற்கு நேர் எதிரானதை எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

"டிசம்பர்ல இருந்து அவ ஃபிரெண்ட்ஸோட போவட்டும்பா. இங்க எல்லாப் பசங்களும் அப்படித்தான்" என்றாள் தேன்மொழி.

"இருட்டா இருக்குதேம்மா, ஏழரைக்கு."

"என்னை ஒரு நாளாச்சும் ஸ்கூல்ல கொண்டுபோயி வுட்டிருக்கியாப்பா நீ?"

"நாலு நாள் வுட்டேன்."

"அதையும் எண்ணி வெச்சிருக்கியா!" என்று சிரித்தாள். அவள் பள்ளிக்குப் போன காலத்தில் மழை மாதங்களில் நான் சும்மாதான் இருந்தேன். போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் கணக்கு எதுவுமில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, ஆறே முக்காலுக்குக் குப்பை போடக் கீழே இறங்கினேன். வாசற்படி ஏழிலும் வெள்ளையாகக் கல் உப்பு கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் உப்பு என்று தெரிந்தது. இருந்தாலும் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். யாரோ வாங்கி வந்த பை கிழிந்து கொட்டியிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் முக்கால் மணியில் பிள்ளைகள் செருப்புக் காலோடு அதை மிதித்துக்கொண்டு ஓடும். சிந்திய உப்பை மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். உப்பளத்தில் நாளெல்லாம் உப்பில்தானே நின்றாய் என்று கேட்கலாம். பாத்தியில் நிற்பது வேலை. வாசலில் மிதிப்பது வேறு. ஊரில் யாரும் அந்த வித்தியாசத்தை விளக்கிச் சொன்னதில்லை. யாருக்கும் அதில் சந்தேகமும் வந்ததில்லை. துடைப்பமும் முறமும் எடுத்து வந்து ஏழு படியையும் சுத்தமாகக் கூட்டினேன். ஒன்றரைக் கிலோ இருக்கும். உப்பைக் குப்பையில் போடக் கூடாதென்று மேலே கொண்டுபோய்க் குளியலறையில் தண்ணீர் விட்டுக் கரைத்துவிட்டேன்.

ஏழு முப்பத்தைந்துக்கு நிலா எனக்கு முன்னால் ஓடினாள். இரண்டாம் படியில் கால் வழுக்கியது. மிச்சம் ஐந்து படியையும் அவள் நடக்கவில்லை. இடது முன்கையில் எலும்பு முறிவு. நான்கு வாரம் கட்டு என்றார்கள்.

மாலையில் மருத்துவமனையிலிருந்து வந்ததும் மருமகன் சரவணன் சொன்னார்: "இந்த வாரம் கீழ் வீட்டு ஃபிராவ் பெர்க் டர்ன் மாமா. பாவம், வயசாயிடுச்சி. உப்பு போட மறந்துட்டாங்க போல."

"உப்பா?"

"ஆமா. ஃப்ராஸ்ட் புடிச்சா படி வழுக்கும் இல்ல? உப்பு போட்டா ஐஸ் கரைஞ்சிடும். ஒரு வீட்டுக்கு ஒரு வாரம்."

குல்பி வண்டிக்காரன் ஐஸில் உப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காலால் மிதிப்பதற்கென்றே உப்பை வீதியில் போடும் நாடு ஒன்று இருக்கும் என்று முப்பத்து நான்கு வருடத்தில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கட்டுப் போட்ட கையோடு நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

ஃபிராவ் பெர்க்குக்கு, அதாவது திருமதி பெர்க்குக்கு, எழுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறார். மறுநாள் ஆப்பிள் கேக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதார். மாடிப்படிச் சுவரில் முறைவைத்து வேலை செய்வதற்கான அட்டவணை தொங்குகிறது. அந்த நாளுக்கு நேரே அவர் கையாலேயே டிக் போட்டிருந்தது. போடாமலே போட்டதாக நினைத்து டிக் செய்துவிட்டேன், எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்றாராம். தேன்மொழி அவரை அணைத்துக்கொண்டு சமாதானம் சொன்னாள். நான் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எட்டுத் துண்டாக வெட்டியிருந்தது.

அன்று மதியமே தனியாக அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஆங்கிலம் பத்துப் பதினைந்து சொல்தான் தெரியும். படியைக் காட்டினேன், உப்பு என்றேன், என் நெஞ்சில் கை வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு உப்புப் பொட்டலத்தை எடுத்து வந்து நீட்டினார். உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பார்கள். கை தானாகப் பின்னால் போய்விட்டது. மேசை மேல் வைக்கும்படி சைகை காட்டினேன். குழம்பிப்போய் வைத்தார். நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு வந்தேன்.

"எதுக்குப்பா பக்கத்து வூட்ல போயி உப்பு வாங்கின? இங்க ரெண்டு பாக்கெட்டு இருக்குதே!" என்றாள் தேன்மொழி.

"சும்மாதாம்மா" என்றேன்.

நான்காம் நாள் சாப்பிடும்போது தேன்மொழி ஒரு செய்தி சொன்னாள். ஃபிராவ் பெர்க்கின் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு, ஞாபகம் இப்படித் தவறினால் தனியாக விடமுடியாது என்று முதியோர் இல்லத்தில் பேசிவிட்டாளாம். திங்கட்கிழமை பார்க்கப் போகிறார்களாம். "அந்தம்மாவே, சரி வர்றேன்னு சொல்லிட்டாங்களாம்பா. என் மேல எனக்கே நம்பிக்கை இல்லன்னு சொல்றாங்க."

தட்டை ஒதுக்கி வைத்தேன். அந்த அம்மாள் விடிவதற்கு முன் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏழு படிக்கும் உப்புப் போட்டிருக்கிறார். அது ஒரு நடை. நடந்த ஒரு நடையை நான் கோட்டோடு அழித்திருக்கிறேன்.

நிலாவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். தேன்மொழியைக் கூப்பிட எனக்குத் தைரியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிராவ் பெர்க் கதவைத் திறந்ததும், தாத்தா சொல்வதை ஒவ்வொன்றாக அவங்களுக்குச் சொல் என்றேன். மனத்தில் ஒன்பது வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அன்று காலை நீங்கள் உப்புப் போட்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். நிலா அதை ஜெர்மன் மொழியில் சொன்னாள். அது எதற்கென்று எனக்குத் தெரியாது. சொன்னாள். நான் அதையெல்லாம் கூட்டி எடுத்துவிட்டேன் என்றேன். அவள் சொல்லவில்லை.

"நீயா தாத்தா கூட்டின?"

"ஆமா கண்ணு."

"ஏன்?"

"உப்பை மிதிக்கக் கூடாதுல்ல. அதுக்குத்தான்."

"நான் ஷூ போட்டிருந்தேனே."

அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஃபிராவ் பெர்க் பக்கம் திரும்பிச் சொன்னாள். என்னுடைய வாக்கியத்தைவிட நீளமாகச் சொன்னாள். அவளாக என்ன சேர்த்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்பதில் மிச்சமிருந்தவற்றை நான் சொல்லவேயில்லை.

ஃபிராவ் பெர்க் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு விடுவிடுவென்று மாடிப்படிச் சுவருக்குப் போய், அட்டவணையில் தன் டிக் மேலேயே பேனாவை வைத்து இரண்டு முறை அழுத்தித் தடிமனாக்கினார். அங்கேயே நின்று மகளுக்குப் போன் செய்தார்; குரல் உயர்ந்துகொண்டே போனது. திங்கட்கிழமை என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அதோடு இல்லை என்ற சொல்லும். கடைசியில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"கோவமா இருக்காங்களாம் தாத்தா. ஆனா ஹேப்பியாவும் இருக்காங்களாம். ரெண்டும்" என்றாள் நிலா.

தேன்மொழிக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் இருந்தது. "கூட்டினது கூட பரவாயில்லப்பா. தெரியாம பண்ணிட்ட. நாலு நாள் அந்தம்மாவ அழ வுட்டியே!" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நிலாவின் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஒத்தைக் கையால அவளால தூக்க முடியாது. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீயே போ" என்றாள். டிசம்பரில் நின்றுபோயிருக்க வேண்டிய வேலை எனக்கு அப்படி நீடித்தது. இதை லாபத்தில் எழுதுவதா, நஷ்டத்தில் எழுதுவதா?

இந்த வாரம் எங்கள் முறை. இன்று காலை ஆறரைக்கு நானே வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேலிருந்து கீழாக ஏழு படிக்கும் கையால் தூவினேன். வெட்டியெடுத்த சுரங்க உப்பு. நம் உப்பைவிடக் கல் பெரிது, வெள்ளை குறைவு. அட்டவணையில் டிக் போட்டேன். ஃபிராவ் பெர்க் சன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, விரலால் படிகளை எண்ணி, தலையாட்டினார்.

ஏழரைக்கு நிலாவோடு வாசலுக்கு வந்தேன். அவள் நறநறவென்று மிதித்துக்கொண்டு இறங்கிப் போய்க் கீழே நின்றாள். நான் மேல்படியில் கால் வைத்தேன். ஷூவுக்கடியில் உப்பு நொறுங்கியதும், நான் நினைப்பதற்கு முன்பே குனிந்து, படியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உப்பல்லவா, கண் எரிந்தது.

"லேட்டாவுது தாத்தா, சீக்கிரம் வா."

மற்ற ஆறு படியையும் தொடாமல் இறங்கினேன்.

கட்டுப் பிரிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பலகையடியில் பையை அவள் வலது தோளில் மாட்டிவிட்டேன். அங்கிருந்து பள்ளி வாசல் வரைக்கும் ஒற்றைத் தோளில் அவளே சுமப்பாள். அதற்கு மேல் தாத்தா வரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அவள் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். உறைபனி பூத்த நடைபாதையில் வந்த வழியெல்லாம் எங்கள் தடம் இரண்டு வரிசையாகக் கிடந்தது. பலகைக்கு அப்பால் சிறிய தடம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. என்னுடைய தடம் பலகையருகே ஒரே இடத்தில், ஒரு கால் பள்ளியைப் பார்த்தும் ஒரு கால் வந்த வழியைப் பார்த்தும், பலமுறை மிதிபட்டுக் கிடந்தது.