பச்சை, சிவப்பு, தெரியாது

நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற தொழிலில், எல்லாம் ஒழுங்காக ஓடும்போதுதான் நம்மால் உட்கார முடியாது.

இதே பொழப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன் அடித்தால் பதறுவோம். அடிக்காவிட்டால் போனே செத்துவிட்டதோ என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்போம். தொண்ணூறுகளின் கடைசியில் நானும் யூசுப்பும் கோவை கணபதியில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த அறையில் இப்படித்தான் இருந்தோம். கீழே இரும்பைக் கடைந்தால் மேலே மானிட்டர் நடுங்கும். யூசுப் கோட்டைமேட்டுக்காரர், என்னோடு சேர்ந்து புரோகிராம் எழுதியவர்.

எங்கள் முதல் வாடிக்கையாளர் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனி. பெருந்துறையில் புதிதாக ஒரு யூனிட் போட்டு, இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களையும் ஒரு தனி டெலிபோன் லைனில் இணைத்திருந்தார்கள். அந்த லைன் உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு தகவல் போகிறது, எவ்வளவு வேகம் என்று பார்த்துச் சொல்வது எங்கள் புரோகிராமின் வேலை. ஒவ்வொன்றையும் எந்த வகையில் சேமிப்பது, முழு எண்ணா, புள்ளி வைத்த எண்ணா, எழுத்தா, ஆமாம்-இல்லையா என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கேட்கச் சின்ன விஷயம்தான். மாட்டிக்கொண்டவர்களுக்கல்லவா தெரியும்!

கழித்தல் குறி

லைனில் போகிற தகவலை, அதன் முனையில் இருக்கிற ரவுட்டர் என்ற பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கை ஏறுமே தவிர இறங்காது. நாங்கள் அதைப் போட்டு வைத்த வகையோ, பாதி இடத்தை மைனஸ் எண்களுக்கு ஒதுக்கியிருந்தது. பிளஸ் பக்கம் நிரம்பியதும் எண்ணிக்கை நேராக மைனஸின் அடிமட்டத்தில் போய் விழுந்தது. சோதித்துப் பார்த்த நாட்களில் அவ்வளவு தகவல் போகவே இல்லை. அதனால் எங்கள் கண்ணில் படவில்லை.

பட்டது ரங்கசாமியின் கண்ணில். அவர் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர். அதற்கு முன்னால் வெகுகாலம் பம்ப் டெஸ்டிங்கில் இருந்தவர். காலையில் நான் அறைக்குள் செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. "ஏனுங்க அம்மணி, நாங்க பெருந்துறைக்கு அனுப்புனதையெல்லாம் அவிய திருப்பி அனுப்பிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்களே!"

ஒன்பது பெரிதா, நூறு பெரிதா

மைனஸே இல்லாத வகைக்கு அதை மாற்றி, பிளாப்பியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போன இடத்தில் அடுத்தது காத்திருந்தது. லைன் எந்த நேரத்தில் மந்தமாக இருந்தது என்று ஒரு பட்டியல் வரும். தகவல் போய்ச் சேர ஆன தாமதத்தில் பெரிய எண் மேலே இருக்க வேண்டும். ஆனால் ஒன்பது உச்சியில் உட்கார்ந்திருந்தது, நூறு கீழே கிடந்தது. உச்சியில் இருந்த நேரத்தில் என்ன கோளாறு என்று கேட்டு ரங்கசாமி டெலிபோன் ஆபீசையே உலுக்கியிருந்தார்.

எண்ணோடு 'மில்லி செகண்ட்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்ததால் யூசுப் அதை எழுத்தாகவே சேமித்துவிட்டார். அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி எண்களையும் முதல் இலக்கத்தைப் பார்த்து அடுக்கிவிட்டது கம்ப்யூட்டர். திரும்பி வந்து நான் குதித்ததற்கு யூசுப் நாற்காலியை விட்டு அசையாமல் சொன்னார்: "எழுத்தாப் பாத்தா ஒன்பதுதாங்க பெருசு, நூறு ஒண்ணுலதானே ஆரம்பிக்குது."

புள்ளிக்குப் பின்னால்

வழியில் தொலைகிற தகவலை நூற்றுக்கு இத்தனை என்று முழு எண்ணில் வைத்திருந்தோம். நூற்றுக்கு அரை தொலைந்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது உதிர்ந்து, பூஜ்யம் என்று காட்டும். பெருந்துறையிலோ பெரிய ஃபைல்கள் பாதியிலேயே அறுந்துகொண்டிருந்தன. ரங்கசாமி கேட்டார்: "கொஞ்சமாத் தொலையறதெல்லாம் உங்க கணக்குல தொலையறதே இல்லீங்களா?"

பச்சையும் சிவப்பும்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இது அப்படியில்லை.

லைனின் நிலைக்கு எத்தனை நிறம் வைக்கலாம் என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தோம். லைன் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு, வேறு எந்த வம்பும் வேண்டாம் என்று ரங்கசாமி கறாராகச் சொல்லிவிட்டார். ஆமாம்-இல்லை வகையே போதும் என்று நாங்களும் வைத்துவிட்டோம். கொஞ்ச நாளில் ஒரு விஷயம் தெரிந்தது. அன்றாடப் பதிவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக் கட்டங்கள் தினமும் சிவப்பு.

பெருந்துறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது கோகிலா என்ற பெண், ஒண்டி ஆள். அவள் மத்தியானம் மோடத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிறாள் என்று ஹெட் ஆபீசில் பேச்சு கிளம்பிவிட்டது. இந்த வாரம் பார்த்துவிட்டு ஆளை மாற்றிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ரங்கசாமி இதை என்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாளே பெருந்துறைக்குக் கிளம்பினேன். அவினாசியில் பஸ் நின்றுகொண்டே இருக்க, நான் இறங்கி டிரைவர் எங்கே டிரைவர் எங்கே என்று நடந்துகொண்டிருந்தேன்.

"நீங்கதான் அந்தச் சிவப்புப் போடறவிங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கோகிலா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பேச்சு கிளம்பியதிலிருந்து அவள் மோடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். டிபன் டப்பாவைத் திறந்து, பாதிச் சோற்றை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். மோடத்தின் விளக்குகள் ஒழுங்காக மினுக்கிக்கொண்டிருந்தன. நான் ரங்கசாமிக்குப் போன் போட்டேன்.

"இப்ப ஸ்கிரீன்ல என்ன கலருங்க?"

"இருங்க, கம்ப்யூட்டரப் போட்டுப் பாத்துச் சொல்றனுங்க."

"போட்டுன்னா? அணைச்சா வெச்சிருக்கீங்க?"

"மத்தியானம் எப்பவும் அணைச்சுப்போடுவனுங்க. மோட்டாருன்னாலும் மெஷினுன்னாலும் கொஞ்ச நேரம் ஆறோணுமில்லீங்க."

கண்காணிக்கிற கம்ப்யூட்டரே அணைந்திருந்த நேரம் அது. யாரும் பார்க்காத நேரத்துக்கான கட்டங்கள் காலியாக இருக்கும். ஆமாம்-இல்லை வகையில் காலி என்றால் 'இல்லை'. இல்லை என்றால் சிவப்பு. 'நான் பார்க்கவில்லை' என்று சொல்ல அந்த வகையில் இடமே கிடையாது. இதை ரங்கசாமிக்கு விளக்கினேன். பிறகு, கோகிலாவிடம் கொடுங்க என்றார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை; அவள் "செரிங்க, செரிங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றே முதலாளியிடம் போய், கம்ப்யூட்டரை அணைத்தது நான்தான் என்று ரங்கசாமியே சொல்லிவிட்டார். கோகிலாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போனை வைத்ததும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தூங்குனது உங்க மெஷினுங்க, பேச்சு வாங்குனது நானுங்க."

சாம்பல்

அந்த வாரமே வகையை மாற்றினோம். இருக்கிறது, இல்லை, தெரியாது என்று மூன்று நிலை; பார்க்காத நேரம் சாம்பல் நிறத்தில் வரும். 'வேறு எந்த வம்பும் வேண்டாம்' என்ற ரங்கசாமிதான் இப்போது சாம்பலுக்காக முதலாளியிடம் வாதாடினார். முதலாளி அதைப் பார்க்கவென்றே முதல் தடவையாகக் கம்ப்யூட்டர் ரூமுக்குள் வந்தார். உட்காரவில்லை. கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே ஸ்கிரீனை வெகுநேரம் பார்த்தார்.

நானும் யூசுப்பும் சுவரோரம் நின்றோம். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராதா என்று எனக்குக் காலே நிலைகொள்ளவில்லை. அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "பச்சைன்னா நல்லதுங்க. சிவப்புன்னா போனைப் போட்டுத் திட்டலாமுங்க. சாம்பல் வந்தா நான் யாரைத் திட்டறதுங்க?"

எந்த எண்ணுக்கும் எப்படியாவது ஒரு வகையைக் கண்டுபிடித்துவிடலாம் நண்பர்களே, 'தெரியாது' என்ற பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற முதலாளியைத்தான் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.