ஒரு சின்ன அவுஃப்

எட்டு வயதிலேயே எங்கள் வீட்டின் வாய் நான்தான். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து பத்து வருடமாகியும் அப்பாவின் டொச் மொழி வேலைத்தலத்தைத் தாண்டவில்லை. அம்மாவின் டொச் கடையைத் தாண்டவில்லை. டொக்டர், பள்ளிக்கூடம், அரசாங்கக் கந்தோர் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கொஞ்சமென்ன, நிறையவே இருந்தது.

அந்த வருடம் மூன்று வயதுத் தம்பிக்குக் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தது. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். வந்தவனுக்கு நடை தள்ளாடியது, கூப்பிட்டால் திரும்பமாட்டான். "செல்லம் கூடிப்போச்சு" என்றார் அப்பா. ஒரு வார்டே தூக்கிக் கொஞ்சினால் கூடாமல் என்ன செய்யும்? காதுப் பரிசோதனைக்கு அடுத்த மாதம்தான் நாள் கிடைத்திருந்தது.

அதற்கு முன் ஒருநாள் பிள்ளைகளின் டொக்டரிடம் போனோம். அம்மா தம்பியை மடியில் வைத்தபடி மெல்லச் சொன்னார்: "கூப்பிட்டாலும் கேக்கிறானில்லை எண்டு சொல்லு பிள்ளை." காது என்ற சொல்லை எடுக்க அவருக்குப் பயம். வாயால் சொன்னால் பலித்துவிடுமாம்.

நான் யோசிக்கவேயில்லை. 'சொன்னாக் கேக்கிறாயில்லை' என்பது வீட்டில் நான் நாள்தோறும் வாங்கும் பேச்சு. அதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? டொச்சிலும் தமிழைப் போல இரண்டு கேட்டலுக்கும் ஒரே சொல்தான். பக்கத்தில் 'அவுஃப்' என்றொரு சின்னச் சொல்லைச் சேர்த்தால் மட்டும் சொல்வழி கேட்பது என்றாகிவிடும். நான் இலக்கணம் பிசகாமல் அந்த அவுஃப்பைச் சேர்த்தேன். டொக்டர் சிரித்தார். வருத்தம் வந்து எழும்பிய பிள்ளைகள் கொஞ்ச நாள் அடம்பிடிக்கும், பொறுமையாக இருங்கள் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்தது. வரும் வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

மூன்று கிழமை போனது. குக்கர் விசிலடித்தால் சோபாவுக்குப் பின்னால் ஓடி ஒளிகிறவன் தம்பி. அன்று மத்தியானம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து கார் உருட்டிக்கொண்டிருந்தான். குக்கர் மூன்றுதரம் கத்தியது.

"அம்மா, தம்பிக்கு இப்ப பயமில்லை" என்றேன் பெருமையாக.

அம்மா அடுப்பை நிறுத்தினார். அவனுக்குப் பின்னால் போய் நின்று, தாச்சியைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். திரும்பவும் தட்டினார். தம்பி கார் உருட்டினான். அம்மா அப்படியே நிலத்தில் இருந்து அழுதார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்காது எலும்பாக இறுகிக்கொண்டு வருகிறது, உடனே ஒப்பரேஷன் செய்து உள்ளே கேட்கும் கருவி வைக்கவேண்டும் என்றார்கள். வலது காதில் கருவி சரியாகப் போனது. இடது காதில் பாதிக்குமேல் போகவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றார் அங்கிருந்த டொக்டர். அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

"அப்பவே சொன்னனாங்கள்தானே, பிள்ளை?"

"ஓம் அம்மா, நான் வடிவாச் சொன்னனான்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரி என்று மெச்சுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

தம்பி இப்போது என்னைவிட உயரம். யாரோடு நடந்தாலும் அவரைத் தன் வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்வான். அம்மாவும் பிறகு வகுப்புக்குப் போய் டொச் படித்தார். அந்த அவுஃப் வருகிற பாடத்தையும் படித்துத்தான் இருப்பார். இன்றுவரை என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை.