குட்டை மரக்கால்

காலை ஆறு நாற்பது. தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் ஜன்னல் வழியே நான் முதலில் பார்த்தது கால்களை. பனி மூட்டத்தில் இடுப்புக்கு மேலே எதுவும் சரியாகத் தெரியவில்லை. சேறு காய்ந்த கால்கள், ஜோடி ஜோடியாகச் சாலையில் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அப்போது பத்து வயது. யார் எதிரே வந்தாலும் முதலில் காலைத்தான் எண்ணிப் பார்ப்பேன். முகத்துக்கு வருவதற்குள் ஆள் தாண்டிப் போயிருப்பார்.

கால்கள் எதிரே இருந்த பண்ணையார் வீட்டின் முன்னால் நின்றன. ஒரு குரல் கிளம்பியது.

"மரக்காலை வெளிய கொண்டாங்க!"

நான் சட்டென்று என் தலைமாட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர்கள். அங்கே எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஷெல் விழுந்தது. எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது, இடது கை மணிக்கட்டோடு போனது. அப்பா முழுதாகப் போனார். எனக்கு எல்லாம் இடது பக்கமே போனதால் ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம். அரசாங்கம் எங்களைத் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், புயலுக்காகக் கட்டி வைத்திருந்த கட்டடத்தில் கொண்டுவந்து தங்கவைத்தது. ஊர்க்காரர்கள் எங்களைச் 'சிலோன்' என்றார்கள். கட்டடம், அதிலுள்ள குடும்பங்கள், எங்கள் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர்.

ஒரு வருடம் அம்மா என்னை இடுப்பில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். ஐந்தாம் வகுப்புப் பையன் அம்மா இடுப்பில் போய் இறங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "டேய், பாப்பா வந்துட்டுதுடா, பால் குடிச்சுட்டியா?" என்று பின்வரிசை தினமும் விசாரிக்கும். கார்த்திகையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு கால் கொடுத்தார்கள். மரத்தில் செய்து, தொடையில் கட்டத் தோல்பட்டைகள் வைத்தது. கட்டிவிட்டவர், "இதாம்ப்பா உன் மரக்கால். தண்ணி படாம பாத்துக்க" என்றார். அதற்கு அடித்திருந்த பெயின்ட் என் நிறத்தைவிட நாலு மடங்கு சிவப்பு. உடம்பிலேயே அழகான உறுப்பு அதுதான். ஒரு விரற்கடை குட்டை என்பது மட்டும்தான் குறை. நடந்தால் யாரிடமோ ரகசியம் கேட்கப் போவதுபோல் இடது பக்கம் சாய்வேன்.

பொங்கல் லீவு முடிந்ததும் அறுவடை. அம்மா அறுப்புக்குப் போவாள், என்னைத் தூக்க ஆள் கிடையாது. "நடந்தாப் பள்ளிக்கூடம், இல்லாட்டி இங்கயே குந்தியிரு" என்று சொல்லிவிட்டாள். லீவு முழுவதும் கட்டடத்தைச் சுற்றி நடந்து பழகினேன். பட்டையை வலது கையால் இழுத்து, பல்லால் கடித்து, கொக்கியில் மாட்ட வேண்டும். தோல் உப்புக் கரிக்கும்.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் மரக்கால் என்றால் நெல் அளக்கிற பாத்திரம். அறுப்புக் கூலியை அதில்தான் அளந்து போடுவார்கள். அந்த வருடம் பண்ணையார் கூலிக்கு ஒரு சின்ன மரக்காலும் தனக்கு வருவதை அளக்கப் பெரிய மரக்காலும் வைத்திருக்கிறார் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் புகார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நெல்லை அளப்பது கொத்து, புசல். மரக்கால் என்றால் எனக்குத் தெரிந்தது உலகத்தில் ஒன்றுதான். அது என் தலைமாட்டில் சுவரோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

வெளியே பேச்சு தெளிவாகக் கேட்டது.

"குட்டைன்னு எவன்டா சொன்னான்?" இது பண்ணையார்.

"அளந்து பாத்தாச்சுங்க. ஒரு வெரக்கடை குட்டை!" என்றது ஒரு பெண் குரல். பக்கத்துத் தெருவில் அறுப்புக்கு ஆள் சேர்க்கிற அத்தையின் குரல். அம்மாவுக்கும் அவர்தான் வேலை சொல்லியிருந்தார். அவரே காட்டிக்கொடுக்கிறார்!

"அது எங்க பாட்டன் காலத்து மரக்கால்டி."

"யாரு காலத்துதா இருந்தா என்னங்க? ஒடச்சுப் பாத்தா உள்ள என்ன வச்சிருக்குன்னு தெரிஞ்சுபோவுது!"

என் மரக்காலுக்குள் பஞ்சும் ஒரு பழைய காலுறையும்தான் இருந்தன. பாட்டன் காலம் என்றது மட்டும் கொஞ்சம் உதைத்தது, என்னுடையது கார்த்திகையில் வந்ததுதானே. ஆனால் பயந்தவன் செய்தியைச் சரிபார்ப்பதில்லை. பிற்காலத்தில் பத்திரிகை ஆபீசில் சேர்ந்தபோது, தலைப்பை மட்டும் கேட்டுவிட்டு முழுச் செய்தியையும் எழுதிவிடும் திறமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கேட்டார். அவரிடம் இதைச் சொல்லவில்லை.

காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து, பின்வாசல் வழியாக வாய்க்கால் கரைக்குப் போனேன். மேட்டூர் அணையை இன்னும் மூடவில்லை, தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. அதற்கு அடியில் காலைச் செருகினேன். யாருக்கும் தெரியாது. தண்ணி படாம பாத்துக்க என்றவர் தஞ்சாவூரில் இருந்தார்.

மரம் மிதக்கும் என்பது நாலாம் வகுப்புப் பாடம். நாலாம் வகுப்பில் நான் பாதி நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கால் இலைகளை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வெளியே வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, விரல்களை முன்னால் நீட்டிக்கொண்டு புறப்பட்டது. நான் போட்டுக்கொண்டு நடந்த நாட்களில் அது ஒருநாளும் அவ்வளவு நேராகப் போனதில்லை.

வாய்க்கால் சாலைக்கு அடியில் குழாய் வழியே நுழைந்து, பண்ணையார் வீட்டு முன்களத்தை ஒட்டி வெளியே வரும். அங்கே கத்திக்கொண்டிருந்த கூட்டம் திடீரென்று அமைதியானது. பிறகு ஓர் ஆண் குரல் சொன்னது:

"இந்தா, மரக்கால் வந்துட்டுது!"

சிரிப்பு வெடித்தது. பண்ணையாரும் சிரித்தார் என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

"அய்யய்யோ, இது நம்ம சிலோன் புள்ள காலுடி!" என்று அத்தை அலறினார். "புள்ள வாய்க்கால்ல வுழுந்துட்டுது!"

சாலையில் அத்தனை கால்களும் ஓடி வந்தன. வேட்டியோடும் சேலையோடும் தண்ணீருக்குள் குதித்து, ஆகாயத்தாமரையைப் பிய்த்து எறிந்து என்னைத் தேடினார்கள். கையில் கொண்டுவந்திருந்த சங்கக் கொடிக் கம்பைத் தண்ணீரில் விட்டுத் துழாவினார் ஒருவர். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிய அம்மா குடத்தைப் போட்ட சத்தம் கேட்டது. நான் கட்டடத்தின் பின்பக்கக் கக்கூஸ் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று, இவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஏன்ரா காலைத் தண்ணிக்குள்ள போட்டனி?"

"அவையள் உடைக்கப் போகினமாம். குட்டையாம்."

"எதை?"

"மரக்காலை."

அத்தை இடுப்பளவு தண்ணீரில், கையில் என் காலோடு நின்றார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி, ஒன் காலை வச்சிக்கிட்டு நாங்க என்னடா நெல்லா அளக்கப் போறோம்?"

"அளக்கலாம்டி, இதுல பெயின்ட்டெல்லாம் நல்லா அடிச்சிருக்கான்," என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. அம்மா அடித்தாள். ஒற்றைக் காலில் நிற்கிறவனைச் சும்மா அடிக்க முடியாது, விழுந்துவிடுவான். அதனால் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடித்தாள். அடித்து முடித்த பிறகும் பிடித்த கையை எடுக்கவில்லை.

கூட்டம் ஈரத்தோடு திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தது. அன்று தீரவில்லை. அறுப்புக்கு யாரும் இறங்கவில்லை. நெல் தலை சாய்ந்து நின்றது. சாலையில் போலீஸ் வேன் நின்றது. கழகத்துக்காரர்கள் ஒருநாள் ஜீப்பில் வந்து இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று பேசிவிட்டுப் போனார்கள். அத்தை தெருவில் சில வீடுகளில் மாலையில் அடுப்பு எரியவில்லை. அந்த வேலைநிறுத்தத்தால் லாபம் அடைந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். கால் காய்வதற்கு நாள் கிடைத்தது.

காய்ந்த தோல் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. அம்மா சாயங்காலங்களில் தேங்காயெண்ணெய் தடவித் தடவி அதை வழிக்குக் கொண்டுவந்தாள். பெயின்ட் உரிந்து, கால் ஒருவழியாக என் நிறத்துக்கு வந்தது. வாய்க்கால் வாடை மட்டும் போகவில்லை. தெருநாய் ஒன்று அதன்மேல் தனிப்பட்ட அக்கறை காட்ட ஆரம்பித்தது. வழியில் போகிறவர்கள் என்னைப் பார்த்து, "மரக்கால் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் அம்மா அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'பொய்க்கால்' என்று சொல்லத் தொடங்கினாள்.

கடைசியில் தாசில்தார் வந்தார். பண்ணையாரின் மரக்காலை ஓரமாக வைத்துவிட்டு, அரசாங்க முத்திரை போட்டதைக் களத்துக்குக் கொடுத்தார்கள். என்னுடையதை யாரும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே அத்தை வந்து கட்டட வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டாள். நான் பட்டையைப் பல்லால் கடித்து மாட்டுவதை வாசலில் நின்று பார்த்தாள். கொக்கி இரண்டு தடவை நழுவியது. அவள் கிட்டே வரவில்லை.

"போயிடுவியோ?"

"போவன்."

"வாய்க்கால் பக்கம் போகாத தம்பி, ஒன் காலு ஒன்ன வுட்டுட்டுப் போயிடும்," என்றார் அத்தை.

அவர்கள் வரப்பில் இறங்கினார்கள். நான் சாலையில் இடது பக்கம் சாய்ந்துகொண்டு நடந்தேன். நாயும் கூடவே வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் பீரியட் முடிந்திருந்தது.