ஓடியும் கரையாதது

மத்திகிரியில் சிமெண்ட் ஷீட்டுக் கூரை போட்ட ஒரு வாடகை அறையில் நானும் என் நண்பனும் ஓராண்டுக்கு மேல் ஒன்றாகக் குடியிருந்தோம். அவ்வளவு நாளும் ஒருவர் முன் ஒருவர் சட்டையைக் கழற்றியதில்லை. எண்பதுகளின் பிற்பகுதி அது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் இருவருக்கும் வேலை. அவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். நான் போச்சம்பள்ளிக்கு அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். கோடையில் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வெறும் உடம்போடு வாசலில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். நாங்கள் இருவர் மட்டும் பனியனுக்கு மேல் சட்டையும் போட்டுக்கொண்டு வியர்த்து வழிவோம். அவனைக் கூச்ச சுபாவக்காரன் என்று நினைத்திருந்தேன்.

என் கதை பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. மீசை அரும்பும் வயதில் என் மார்பு பெண்பிள்ளைகளுக்குப் போல வளர ஆரம்பித்தது. முதலில் காம்புக்கு அடியில் வலித்தது. பிறகு வலி போய், மார்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. வகுப்பில் பையன்கள் பின்னாலிருந்து வந்து கசக்கிவிட்டு ஓடினார்கள். டிரில் வாத்தியார் ஒருநாள், "இவனுக்கு ரவிக்கை தைக்கணும்டா" என்றார். மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து தோளை முன்னே குறுக்கி, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நடந்தேன். கிணற்றில் குளிக்கப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன வார்த்தை இருக்கிறது?

ஒரு மாலை ஷிப்டு முடிந்து இருவரும் சைக்கிளில் திரும்பும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. அறைக்குள் நுழைந்தபோது இருவர் சட்டையும் உடம்போடு ஒட்டியிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். அதே நேரத்தில் அவனும் கட்டிக்கொண்டான். இருவருக்கும் புரிந்துவிட்டது. வெளியே கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"ஏல, ஒனக்கும் இருக்கா?" என்றான்.

நான் தலையாட்டினேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வெகுநேரம் அந்தத் துண்டை எடுக்கவில்லை.

மறுநாளே, ஓடலாம் என்று அவன்தான் சொன்னான். எல்லாம் கொழுப்பு, ஓடினால் கரைந்துவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். விடியும்போதே எழுந்து கால்நடைப் பண்ணை வேலியை ஒட்டிய ரோட்டில் ஓடுவோம். பனியும் சாணி வாசமும் மூக்கில் ஏறும். சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கியிருப்பதாகப் பால்காரர்கள் சொல்லும் நாட்களில் பாதியிலேயே திரும்பிவிடுவோம். அறைக்கு வந்து தண்டால் எடுப்போம். ராத்திரிச் சோற்றை நிறுத்தினோம். மெஸ்காரர், "என்ன சாமி, சமையல் சரியில்லையா?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

சில மாதங்களில் அவன் உடம்பு இறங்கியது. தொப்பை போயிற்று. மார்பும் வற்றியது. எனக்கும் இடுப்பு சிறுத்தது, கன்னம் ஒட்டியது. மார்பு மட்டும் அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் இளைக்க இளைக்க அது தனியாக எடுப்பாகத் தெரிந்தது. ஊருக்குப் போனபோது, எனக்குக் காமாலை ஏதோ வந்திருக்கிறது என்று அம்மா பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முற்றத்தில் சட்டையில்லாமல் நின்று துணி துவைத்துக்கொண்டிருந்தான். வெயில் அவன் முதுகில் பளபளத்தது. பேச்சுக் கொடுக்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் ஈரச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். எனக்காகத்தான் போட்டுக்கொண்டான். அது எனக்கு இன்னும் வலித்தது.

நான் சரியாக ஓடவில்லை, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். மாலையிலும் தனியாக ஓடினேன். காலைச் சாப்பாட்டையும் விட்டேன். ஒருநாள் வேலை நேரத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் கண் இருட்டிக் கீழே சரிந்தேன். தூக்கிக்கொண்டு போய் அருகில் இருந்த டாக்டரிடம் காட்டினார்கள். ஸ்டெதாஸ்கோப் வைக்கச் சட்டையைத் திறந்தவர் என் மார்பைக் கவனித்தார். நான் தெளிந்த பிறகு, பெங்களூரில் ஒரு சர்ஜனைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

அந்த சர்ஜன் வயதானவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். நான் சட்டைப் பித்தானில் கை வைத்துத் தயங்கியபோது, வெட்கப்பட வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னார். விரல்களால் அழுத்திப் பார்த்தார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நண்பனோடு ஓடியதையும், அவனுக்கு மட்டும் கரைந்ததையும் சொன்னேன். வேறு இடங்களையும் பரிசோதித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த முறை போனபோது என் விரலையே பிடித்துக் காம்புக்கு அடியில் வைத்தார்.

"கெட்டியா வட்டமா ஒண்ணு தெரியுதா? இது கொழுப்பில்ல, சுரப்பி. உங்க ஃபிரண்டுக்கு இருந்தது கொழுப்பு. அதனால கரைஞ்சது. இது நீங்க எவ்வளவு ஓடினாலும் கரையாது."

"நான் இன்னும் நல்லா ஓடியிருந்தா?"

"இல்லப்பா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. சின்ன வயசுல நிறையப் பேருக்கு வரும், தானா போயிடும். சிலருக்கு நின்னுடும். ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். எடுக்காம இப்படியே இருந்தாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. நீங்கதான் முடிவு பண்ணணும்."

பஸ்ஸில் ஓசூர் திரும்பும்வரை, என் மேல் தப்பு இல்லை என்ற அந்த ஒரு சொல்தான் காதில் இருந்தது. அத்திப்பள்ளி தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அப்பாவிடம் சொல்லாமல் ஆபரேஷன் செய்துகொள்ள மனம் வரவில்லை. ஊருக்குப் போனேன். மாந்தோப்பில் அவர் மட்டும் இருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சட்டையைத் திறந்து காட்டி, ஆபரேஷன் என்றேன். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுக்கா ஆஸ்பத்திரி? ஆம்பள ஒடம்புல கத்தி வெச்சிக்கினு வந்தா நாளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? ஓடு, கரஞ்சிரும்."

"ஓடிப் பாத்துட்டன்பா. கரையல."

"கடவுள் குடுத்த ஒடம்புடா இது."

"குடுத்தவரு வந்து என்னோட பள்ளிக்கூடத்துல ஒக்காரலியே."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார். அம்மாவிடம் ஏதோ கட்டி, எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரிக்கு நண்பன்தான் லீவு போட்டு வந்தான். நர்ஸ், "நீங்க யாரு?" என்று கேட்டபோது கொஞ்சமும் யோசிக்காமல், "அண்ணன்" என்றான். கண் விழித்தபோது மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ரத்தம் வடிய மெல்லிய குழாய்கள். மூச்சை இழுத்தால் குத்தியது. அவன் ஸ்பூனால் கஞ்சி ஊட்டினான்.

கட்டைப் பிரித்த அன்று சந்தோஷம் பொங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். குனிந்து பார்த்தால் ஊதா நிறத்தில் கன்றிப்போன, தட்டையான, யாருடையதோ போன்ற ஒரு மார்பு. காம்பின் கீழ் விளிம்பில் பிறை போலத் தையல். அத்தனை வருஷம் இதை மறைக்கச் செலவான என் வயதை எண்ணித் துக்கம்தான் வந்தது. நண்பன், "ஏல, இனிமேலாவது நிமிந்து நில்லு" என்றான். நிமிர முயன்றேன், வரவில்லை. முதுகு குனிந்தே பழகியிருந்தது.

தையல் ஆறிய பிறகு ஒருநாள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் மத்திகிரிக்கு வந்தார். ஒரு கூடை மாம்பழத்தை அறை மூலையில் இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நண்பன் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே போனான்.

"எங்க, காட்டு" என்றார் அப்பா.

காட்டினேன். அருகில் வந்து, காய்த்துப்போன விரலால் இடது பக்கத் தழும்பை மெதுவாகத் தடவினார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கம் மரத்துப்போயிருந்தது. அவர் விரல் நகர்வதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

"தொட்டா வலிக்குதா?"

"இல்லப்பா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, சின்னப்பவே?"

நானே சட்டையை மூடப் போனபோது கையைத் தடுத்து, பித்தான்களை ஒவ்வொன்றாக அவரே போட்டுவிட்டார்.

நண்பன் பிறகு வேறு கம்பெனிக்கு மாறிப் போனான். கல்யாணத்துக்குப் பின் பழையபடி பருத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பெண் பார்த்தபோது, நிச்சயத்துக்கு முன்பே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப வலி ஒண்ணும் இல்லியே?" என்றாள். மரத்த இடத்தில் உணர்வு பிற்பாடும் முழுதாகத் திரும்பவில்லை. தெருவில் நடக்கும்போது, "குனியாம நடங்க" என்று அவள் இன்றும் என் முதுகில் தட்டுகிறாள்.