விக்னராஜாவின் ‘நோ’

விக்னராஜா என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளையாரை நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். விக்கினம் தீர்க்கிற ராஜா. எங்கள் பக்கத்து வீட்டு விக்னராஜாவோ, தெருவில் போகிற விக்கினத்தைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணீர் கொடுக்கிற ஆள். இதை அவருடைய முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். கோபிக்க மாட்டார். எண்ணெய் ஊறிய விரலால் காதைச் சொறிந்துகொண்டு, "ஓம் அக்கா, அது உண்மைதான்" என்பார். சண்டைக்கு வராத ஆளோடு எவ்வளவு நேரம்தான் பகிடி விடுவது?

இது 1976ஆம் ஆண்டுக் கதை. சிட்னியின் கிரவீன் பகுதியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அப்போது இரண்டே இரண்டு. ஒன்று நாங்கள், மற்றது விக்னராஜாவும் அவர் மனைவி ரஞ்சினியும். ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த மனிதர், இங்கும் ஒரு பட்டறையில் அதே வேலைதான் பார்த்தார். வேலைக்கு ஆங்கிலம் பெரிதாகத் தேவைப்படவில்லை. யெஸ், நோ, தாங்க்யூ, ஸொறி என்ற நான்கு சொற்களை வைத்துக்கொண்டு சிட்னியைச் சமாளித்துவிடலாம் என்று நம்பினார். பாதி நாள் சமாளித்தும் விட்டார்.

வந்து இரண்டாம் வருடத்தில் ரஞ்சினிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று தடவை நகரத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். முடிந்து வெளியே வரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் குளிரும். வெயில் காலத்திலேயே பல் கிட்டும். ஒருநாள் சென்ட்ரல் ஸ்டேஷன் படிக்கட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் விக்னராஜா அந்தப் பழைய ஒஸ்ரின் வண்டியை வாங்கினார்.

முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்குத் திறந்த பெட்டி. நாங்கள் பிக்கப் என்போம், இங்குள்ளவர்கள் யூட் என்பார்கள். நீலமாக இருந்து வெளிறிப்போன நிறம். வலது பக்கக் கதவைத் திறக்கவேண்டுமானால் முதலில் தூக்கி, பிறகு இழுக்கவேண்டும். அதை அவர் வீட்டு வாசலிலேயே வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டினார். பிரேக் மாற்றினார். ரஞ்சினி உட்காரும் இருக்கையில் பழைய மெத்தை ஒன்றை வெட்டித் தைத்துப் போட்டார். சனி, ஞாயிறு என்றால் எங்கள் சமையலறை ஜன்னலால் பார்க்கும்போது, பொனெற்றுக்குக் கீழே அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும்.

"உமக்கு ஆறுதலே இல்லையோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவளுக்கு நான் என்ன அக்கா செய்யேலும்? எல்லாம் மெஷின் செய்யுது, டொக்டர்மார் செய்யினம். நான் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். இதை எண்டாலும் கையால தொட்டுச் செய்யலாம்."

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

வண்டியில் ஹீற்றர் இல்லை. எங்கேயோ உடைத்த காரிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து பூட்டினார். பூட்டியதோடு புதுப் பிரச்சினை வந்தது. கரண்ட் கொடுக்கிற பழைய டைனமோவால் ஹெட்லைற்றையும் ஹீற்றரையும் ஒன்றாகத் தாங்க முடியவில்லை. சிவப்பு விளக்கில் நின்றால் வெளிச்சம் மஞ்சளாகி மங்கும். ஜூன் மாதத்தில் ஒரு மாலை, பரமற்றா வீதியில் பற்றரி செத்து வண்டி நின்றுவிட்டது. தள்ளிவிட ஆள் கிடைக்கும்வரை ரஞ்சினி சாக்கைப் போர்த்துக்கொண்டு உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய உதடு நீலம். விக்னராஜாவின் முகத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை. டைனமோவைக் கழற்றிவிட்டு அல்ரனேற்றர் போடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தார். அது வண்டி மெதுவாக ஓடினாலும் போதிய கரண்ட் கொடுக்குமாம்.

வண்டி நன்றாக இருக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெப்ரவரியில் ரஞ்சினிக்குக் காய்ச்சல் வந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது ஓர் இளம் டொக்டர் விக்னராஜாவிடம் மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேசினார். இறந்துபோகும் யாராவது ஒருவருடைய சிறுநீரகம் இவளுக்குப் பொருந்தினால் வைக்கலாம், விருப்பமானவர்களின் பெயரைப் பதிந்து வைப்பார்கள், கிடைத்ததும் கூப்பிடுவார்கள், உடனே போகவேண்டும். விக்னராஜா வீட்டுக்கு வந்து, "பேர் குடுத்தாச்சு அக்கா. உங்கட ரெலிபோன் நம்பர்தான் அவையளிட்ட இருக்கு" என்றார். அவர்கள் வீட்டில் ரெலிபோன் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரெலிபோன் எங்களுடையதாக இருக்கவில்லை. மணி அடித்தால் சவர்க்காரக் கையோடு ஓடுவேன். என் கணவர் சச்சிதானந்தன் யாருடனும் நீட்டிப் பேசினால் கண்ணாலேயே அதட்டுவேன். எடுத்துப் பார்த்தால் தவறான நம்பராக இருக்கும், அல்லது ஏதாவது விற்கிறவர்களாக இருக்கும். மார்ச் போனது, ஏப்ரல் போனது, குளிரும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் அழைப்பு வரவில்லை.

"அங்க போகேக்க ஒருக்கால் கேட்டுப் பாருமன்" என்று ரஞ்சினியிடம் சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்பிடி அக்கா கேக்கிறது? இன்னும் ஆரும் சாகேல்லையோ எண்டு கேக்கிற மாதிரியெல்லோ கிடக்கும். அவையளாக் கூப்பிடட்டும்."

அவள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. பிறகு நானும் கேள் என்று சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை விக்னராஜா பிளாக்டவுன் பக்கம் போய் அல்ரனேற்றரோடு வந்தார். பழைய வண்டிகளை உடைத்து விற்கிற ஒரு மால்ற்றா நாட்டு மனிதரிடம் வாங்கினாராம். மத்தியானம் நான் எங்கள் வேலியோரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரஞ்சினிக்கு அன்று மெஷின் இல்லாத நாள். யூட்டின் பின்பெட்டி விளிம்பில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவர் அல்ரனேற்றரைப் பூட்டிவிட்டு, பற்றரியின் கடைசி வயரை வைத்து முடுக்கியதும், சடக் என்று ஒரு சத்தம். அடுத்ததாகப் புகை. வயர் சுருண்டு எரியத் தொடங்கியது. விக்னராஜா வெறுங்கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். நான் வேலியால் ஏறி ஓடினேன். ரஞ்சினி குசினியிலிருந்து கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து அவருடைய விரல்களைப் பிடித்து அதற்குள் வைத்தாள்.

"பிழை விட்டிட்டீரோ?" என்றேன்.

"நான் பிழை விடேல்லை அக்கா. கேட்டுத்தான் வாங்கினனான்." எரிந்த விரலைவிட அந்த அல்ரனேற்றர்தான் அவருக்கு நொந்தது.

பிறகு விளக்கமாகச் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பற்றரியின் பிளஸ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு பிணைத்திருப்பார்கள். பிறகு வந்த வண்டிகளில் அது மைனஸ். ஒன்றுக்குச் செய்த அல்ரனேற்றரை மற்றதில் பூட்டினால் அந்த நிமிடமே எரிந்துவிடும். இவருடைய ஒஸ்ரின் பிளஸ். அது இவருக்கு நன்றாகத் தெரியும். ஊரில் ஓடிய ஒஸ்ரின்களையெல்லாம் பிரித்துப் பூட்டிய கை.

"அந்த மனிசனிட்ட அதைச் சொன்னனீரோ?"

"சொல்லாமலோ? அந்தாளே கேட்டவர். 'உன்ர வண்டி பிளஸ் இல்லைத்தானே' எண்டு இங்கிலீசில கேட்டார். நான் 'நோ' எண்டனான்."

"ஏன் நோ எண்டனீர்?"

"வேற என்ன சொல்லுறது? 'இல்லை, பிளஸ்தான்' எண்டு சொன்னனான். பிளஸ்தான் எண்டதுக்கு இங்கிலீஸ் உடன வரேல்லை. நோ எண்டு சொன்னால் விளங்கும்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக்கூடாது, ஆனால் சிரித்தேன். அதே குழியில் நானும் விழுந்து எழும்பியவள்தான். நான் ரைப்பிஸ்ற்றாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேநீர் கொண்டுவருகிற பெண் "உனக்குச் சீனி வேண்டாம்தானே?" என்று கேட்பாள். நான் தமிழில் நினைத்து, ஓம், வேண்டாம் என்ற கருத்தில் "யெஸ்" என்பேன். ஒரு மாதம் முழுக்கச் சீனிப் பாணியைக் குடித்தேன்.

"விசர் மனிசா," என்றேன், "இல்லைத்தானே எண்டு அவையள் கேட்டு, நீர் நோ எண்டால், ஓம் இல்லைத்தான் எண்டு அர்த்தம். எங்கட 'இல்லை' வேற, அவையின்ர 'நோ' வேற. பிளஸ் இல்லையெண்டு நீரே சொல்லிப்போட்டு வந்திருக்கிறீர். அந்தாள் மைனஸுக்கு உள்ளதைத் தந்திருக்கு."

விக்னராஜாவும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பையிலிருந்து கையை எடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா," என்றார், "பெப்ரவரியில டொக்டரும் இப்பிடித்தான் கேட்டவர்."

"என்ன கேட்டவர்?"

"உங்கட சமயத்தில இது சரிவராதெண்டு கேள்விப்பட்டனான், இவவுக்கு மாத்துக் கிட்னி வேண்டாம்தானே எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

அவர் ரஞ்சினியைத் திரும்பிப் பார்த்தார்.

"நோ எண்டனான்," என்றார் கடைசியில். "அந்தாள் வேண்டாம்தானே எண்டு கேட்டது எனக்குப் பொறுக்கேல்லை. அதால ரெண்டு தரம் சொன்னனான். நோ, நோ எண்டு. பிறகு தாங்க்யூ எண்டும் சொன்னனான்."

ரஞ்சினி கோப்பையைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் அழுதிருந்தால், திட்டியிருந்தால், எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "கையில துணி சுத்தவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். விக்னராஜா யூட்டின் சில்லோடு சாய்ந்து புல்லில் இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை வண்டி இல்லை. நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு பெண்டில் ஹில் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். வழி முழுக்க விக்னராஜா துணி சுற்றிய விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ரஞ்சினியை மெஷினில் போட்ட பிறகு, அங்கிருந்த தாதியிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷி. உள்ளே போய் விசாரித்து வந்தாள். ரஞ்சினியின் பெயர் எங்கும் பதியப்படவில்லை. ஒருநாளும் பதியப்படவில்லை. "நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள் என்றல்லவா நினைத்தோம்" என்றாள். அவளுடைய கண்ணும் கலங்கிவிட்டது. இந்த மாதங்களில் யாருக்காவது கிடைத்ததா என்று கேட்டேன். சிலருக்குக் கிடைத்ததாம். அவற்றில் ஏதாவது ரஞ்சினிக்குப் பொருந்தியிருக்குமா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாதாம்.

ஐந்து மாதம் நான் சவர்க்காரக் கையோடு ஓடிய ஓட்டமெல்லாம் நினைவுக்கு வந்தது. யாரிடம் கோபிப்பது? டொக்டர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். இவர் மரியாதையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த ரெலிபோன் மேல்தான் ஆத்திரம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அதே இளம் டொக்டர் வந்தார். தாதி சொன்னதைக் கேட்டு முகம் சிவந்துபோனார். விக்னராஜாவின் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "அப்படியென்றால் உங்களுக்கு இதில் மறுப்பு இல்லைத்தானே?"

பாவி மனிதர், திரும்பவும் அதேமாதிரி கேட்டுவிட்டார்.

விக்னராஜா வாயைத் திறந்தார். யெஸ் வரவில்லை, நோவும் வரவில்லை. இரண்டில் எது ரஞ்சினியை வாழவைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பதற்றத்தில் எனக்கும் குழம்பிவிட்டது. நானும் விழித்துக்கொண்டு நின்றேன்.

கட்டிலிலிருந்து ரஞ்சினிதான் சொன்னாள். கையில் குழாய்கள் போயிருந்ததால் அசையாமல், முகட்டைப் பார்த்தபடி சொன்னாள். "ஐ வாண்ட் இற். பிளீஸ் றைற் மை நேம்."

இவ்வளவு நாளும் அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயரைப் பதிந்தார்கள். அன்றைக்குத்தான் புதிதாக வந்த ஆள் போல, எல்லோருக்கும் பின்னால்.

அடுத்த சனிக்கிழமை விக்னராஜா பழைய டைனமோவைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார். ஹீற்றரின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார். இருக்கையில் இன்னும் இரண்டு கம்பளி மடித்துக் கிடந்தது. விரலில் துணிக் கட்டு இருந்ததால் ஆணி பிடிபடவில்லை. நான் பக்கத்தில் நின்று, ஆணி முடுக்க அவர் கேட்கிற சாவியை எடுத்துக் கொடுத்தேன். அரை இஞ்சி என்றால் அரை இஞ்சி, சின்னது என்றால் சின்னது. அது ஒன்றுதான் எனக்கும் செய்ய முடிந்தது.

பொனெற்றுக்குக் கீழிருந்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அக்கா, நாங்கள் அப்பவே பேரைக் குடுத்திருந்தாலும், இவ்வளவு நாளுக்குள்ள அவளுக்குக் கிடைச்சிராதுதானே?"

குசினி ஜன்னலுக்குள் ரஞ்சினி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. இது தமிழ்க் கேள்வி. இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குப் பிறந்த நாளிலிருந்தே தெரியும். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அவருக்கு விளங்கியிருக்கும். இரண்டும் என் வாயில் வரவில்லை.

அவர் கையை நீட்டியபடியே இருந்தார். நான் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.