முப்பதாவது தட்டு

பிள்ளைச்சாவடியில் கட்டுமரம் வைத்திருக்கும் காசிலிங்கத்தின் மகன் தெய்வநாயகம், 1934-இல் புதுச்சேரி நகரத்துக்கு மருந்தாளர் படிப்புக்குப் போனார். எங்கள் ஊரில் அந்தப் படிப்புக்குப் போனவர் அவர் ஒருவரே. நான் அண்ணன் என்று கூப்பிடும் அவரே என்னிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மீன் வாடை போக விடியற்காலையில் இரண்டு முறை குளித்துவிட்டுக் கிளம்புவாராம். சவுக்குத் தோப்பு நெடுக, மருந்துகளின் பிரெஞ்சுப் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டே நடப்பார். வகுப்பில் அவரோடு பேசுகிறவன் யூஜின் மட்டும்தான். அவன் பேச்சும் தினம் ஒன்றுதான்.

"வாடா தெய்வநாயகம், இன்னிக்கி என்னா மீன் வாடை, வாளையா, சுதும்பா?"

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும்.

அப்பா கெடு வைத்திருந்தார். "இந்தப் பரீட்சையோட சரி. தேறிட்டா படி. தேறலன்னா வந்து வலையப் புடி."

முதல் வருடப் பரீட்சையில் மேசைமேல் முப்பது தட்டுகள்; வேர், பட்டை, விதை, உப்பு என்று தட்டுக்கு ஒரு சரக்கு. ஒவ்வொருவராகப் போய்ப் பெயரும் பயனும் எழுத வேண்டும். யூஜின் எழுதிவிட்டு வெளியே வந்ததும் அண்ணன் உள்ளே போனார். இருபத்தொன்பதும் தடங்கலில்லாமல் எழுதினார். முப்பதாவது தட்டில் கணவாய் மீனின் ஓடு கிடந்தது. எங்கள் கரையில் காலுக்குக் கால் மிதிபடும் வெள்ளை ஓடு. யூஜின்தான் கேலிக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தார். எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

உண்மையில் அது பரீட்சைக்கு வைத்த சரக்குதான்; பல்பொடியில் சேர்ப்பார்கள். புத்தகத்தில் அதன் பெயரை மனப்பாடம் செய்திருந்தும், தம் கரையில் கிடப்பது பரீட்சை மேசைக்கு வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வெற்றுத் தட்டை ஆசிரியர் பிரகாசம் பார்த்தார். "இதுல இருந்தது எங்கப்பா?"

"எறிஞ்சிட்டேன், முசியே."

"ஏன்? காரணத்தச் சொல்லு, மன்னிச்சி விட்டுடறேன். இல்லன்னா நீ தேறல."

காரணம் சொன்னால் மீன் கேலியைச் சொல்ல வேண்டும். அதை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை. எழுதிய தாளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த யூஜின் ஓடி வந்தான். "நான் வெச்சேன்னா நெனச்ச?"

"ஆமா."

"சத்தியமா இல்லடா. வா, உள்ள போய்ச் சொல்லிடலாம்."

"நீ தெனம் என்னை என்னா கேக்குறன்னும் சொல்லுவியா?"

யூஜின் படியோடு நின்றுகொண்டான். அண்ணன் தனியாக ஊருக்கு நடந்தார்.

இப்போது கடலுக்குப் போகிறார். வலையில் மீன் விழுந்தால், கூடக் கடலுக்கு வரும் பக்கிரி கேட்பாராம்: "இன்னா டாக்டரு, இந்தச் சொறாவுக்கு நாடி பாத்துச் சொல்லேன்!"

கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அண்ணன் கட்டுமரத்தின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்.